மாப்பிள்ளை ஊற்றிய ஆயில்

புதுக் காருக்கு ஆயில் மாற்றுவதற்காக அல்சூரில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் நான் நின்றிருந்த அந்தச் சனிக்கிழமை, என் மனதில் இருந்தது கார் அல்ல, என் அக்கா வீட்டுக்காரர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவரை நாலு பேர் பார்க்கத் தோற்கடிக்க வேண்டும். தோற்ற முகத்தை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஆயில், அதற்காகத்தான் கார். உண்மையைச் சொன்னால் இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டதுகூட அதற்காகத்தான்.

ஒரு பொம்பளைக்கு இவ்வளவு வன்மம் ஆகுமா என்று யாராவது கேட்டால், ஆகும். இதற்கு மேலும் ஆகும். மனசில் வைத்துக்கொள்ளாமல் மறந்துவிட வேண்டும் என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் யாருக்கும் நடுரோட்டில் இஞ்சின் நின்றதில்லை.

நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். அப்பா கர்நாடக அரசாங்கத்தில் பொதுப்பணித் துறையில் இருந்தார். அவருடைய அப்பாவும் அதே துறைதான். வீட்டில் தமிழ், ஆபீஸில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டாள். அக்காவையும் என்னையும் அப்பாதான் வளர்த்தார். வெகுகாலம் கழித்து ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினார். ஆனால் அவருக்கு ஓட்ட பயம். அக்காவுக்கு ஆசை இல்லை. நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கி வந்ததும் அந்த வண்டி என் வண்டி ஆகிவிட்டது. காலையில் அப்பாவை விதான சௌதா பக்கம் இறக்கிவிட்டு நான் காலேஜுக்குப் போவேன். அவர் முன்சீட்டில் உட்கார மாட்டார், பின்சீட்டில்தான் உட்காருவார். சிக்னலில் தெரிந்தவர் யாராவது பைக்கில் வந்து நின்றால் கண்ணாடியை இறக்கி, "நன் மகளு, அவளே ஓடிஸ்தாளே" என்பார், என் மகள்தான் ஓட்டுகிறாள் என்று கன்னடத்தில் பெருமையாக. எனக்குக் கூச்சமாக இருக்கும். சந்தோஷமாகவும் இருக்கும்.

பிறகு அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று.

மாப்பிள்ளை என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்ன மரியாதை என்பதை வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவர் வந்தால் அப்பா எழுந்து நிற்பார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்பா உட்கார மாட்டார். அவர் சொன்ன ஜோக்குக்கு இரண்டு தடவை சிரிப்பார். அந்த மாப்பிள்ளை, நான் மாமா என்று கூப்பிட வேண்டியவர், கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நந்தி பெட்டா மலைக்குப் போயிட்டு வரோம், வண்டி கொஞ்சம் வேணும்" என்றார். அப்பா சாவியை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுக்காததுதான் பாக்கி.

சாயங்காலம் வண்டி திரும்பி வந்தது. மறுநாள் திங்கட்கிழமை அப்பா லீவு. நான் மட்டும் வண்டியை எடுத்தேன். டிரினிடி சர்க்கிள் வருவதற்குள் இஞ்சினில் யாரோ சுத்தியால் தட்டுவது போல ஒரு சத்தம். ஓரம் கட்டுவதற்குள் அது தட்டுவதையும் நிறுத்திவிட்டது. பின்னால் பஸ் ஹாரன், ஆட்டோக்காரர்களின் ஏச்சு. மூன்று மொழியில் திட்டு வாங்கினேன். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து பார்த்தால், இஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. ஒரு சொட்டு ஆயில் இல்லை. உள்ளே எல்லாம் உரசி, சூடேறி, இறுகிப்போயிருந்தது.

"எங்கயோ கல்லு மேல ஏத்தியிருக்காங்க" என்றான் மெக்கானிக்.

நான் ஏற்றவில்லை. முந்தின நாள் வண்டி நின்ற இடத்தில் தரையில் கருப்பாக எண்ணெய் படர்ந்திருந்ததை இழுத்து வந்த பிறகுதான் நான் பார்த்தேன், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவும் செய்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் மாமா அக்காவையும் கூட்டிக்கொண்டு துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்தார். காபியை உறிஞ்சிக்கொண்டே அப்பாவிடம், "ஞாயித்துக்கிழம நான் ஓட்டறப்ப வெண்ணெ மாதிரி போச்சே மாமா. ஸ்பீட் பிரேக்கர்ல ஏத்தியிருப்பா. பொண்ணுங்க கையில குடுத்தா இதான்" என்றார். அவர் முன்னாலேயே அப்பா என் பக்கம் கையை நீட்டினார். "சாவியக் குடு. இனிமே பஸ்ல போ."

அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து நான் பஸ்ஸில் போனேன். வண்டியை ரிப்பேர் செய்து கொஞ்ச நாளில் விற்றுவிட்டார்கள். மாமா அதோடு விடவில்லை. வளைகாப்பு, கிரகப்பிரவேசம், காதுகுத்து என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தக் கதையை எடுத்துவிடுவார். கதைக்குக் கை கால் முளைத்துக்கொண்டே போயிற்று. எனக்கு ஒரு பட்டப்பெயரும் வந்தது: இஞ்சினை உருக்கினவ. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்கூடச் சொல்லிச் சிரித்தார். வந்தவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் வழக்கம்போல இரண்டு தடவை சிரித்தார். நான் பஜ்ஜித் தட்டை மாமா தலையில் கவிழ்க்காமல் மேஜை மேல் வைத்ததற்கு எனக்கு யாராவது விருது கொடுத்திருக்க வேண்டும்.

நான் கறுவிக்கொண்டே இருந்தேன். சாப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. தனியாக ஈஜிபுராவில் வீடு எடுத்தேன். கார் பற்றி எது கிடைத்தாலும் படித்தேன். இஞ்சின் என்றால் என்ன, ஆயில் அதற்குள் எந்த வழியாகப் போகிறது, அது நின்றால் முதலில் எது தேயும், எல்லாம் கரைத்துக் குடித்தேன். மற்ற பெண்கள் சாமி படத்துக்கு விளக்கேற்றும் நேரத்தில் நான் பிஸ்டன் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஊரில் வெளிநாட்டுக் கார்கள் வரிசையாக இறங்கிய காலத்தில், வேகத்துக்கென்றே செய்த ஒரு வண்டியை வாங்கினேன். நீல நிறம். பார்க்கச் சாது மாதிரி இருக்கும். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும்.

அப்பா வந்து பார்த்தார். ஒருமுறை சுற்றி வந்தார். "நல்லாருக்கு. பாத்து ஓட்டு" என்றார். ஏறி உட்காரவில்லை.

அடுத்த மாதமே மாமா அதே வண்டியைச் சிவப்பில் வாங்கினார். ரியல் எஸ்டேட்டில் அவருக்கு அப்போது நல்ல காலம். "அவ வண்டியும் என் வண்டியும் ஒண்ணுதான். ஓட்டற கைதான் வேற" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். என் ஆபீஸில் கார் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து, ஓசூர் தாண்டி யாருக்கோ சொந்தமான ஒரு பழைய விமான ஓடுதளத்தை ஞாயிறு ஒருநாள் வாடகைக்குப் பிடித்து, கூம்புகளை வைத்து வளைவும் நெளிவுமாக டிராக் ஆக்குவதாகப் பேச்சு வந்தது. ஒவ்வொரு வண்டியாகப் போக வேண்டும், யார் நேரம் குறைவோ அவர் முதல். நான் பெயர் கொடுத்தேன். அதோடு, மாமா காதில் விழுகிற மாதிரி அக்காவிடம் போனில் சத்தமாகச் சொன்னேன். நினைத்தபடியே அவரும் பெயர் கொடுத்தார்.

டிராக்கில் ஓட்டுவதற்கு முன்னால் ஆயில் மாற்ற வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். புது வண்டிக்கு எதற்கு என்று பலர் கேட்டார்கள். புது வண்டி என்பதால்தான். புது இஞ்சின் முதல் கொஞ்ச தூரம் ஓடும்போது உள்ளே இருக்கும் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகிக்கொள்ளும். அப்போது உதிரும் இரும்புத் தூள் ஆயிலில்தான் கலந்து நிற்கும். ரோட்டில் சும்மா போய்வர அது போதும். ஆனால் டிராக்கில் இஞ்சினை அதன் கடைசி மூச்சுவரை விரட்டுவோம், ஆயில் கொதிக்கிற மாதிரி சூடேறும். அந்த நேரத்தில் தூள் கலந்த பழைய ஆயிலை நம்பக் கூடாது. சுத்தமான ஆயில், புது ஃபில்டர், சரியான அளவு. ஆயில் இல்லாமல் ஒரு தடவை பட்டது எனக்கு ஆயுசுக்கும் போதும்.

அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனேன். வெதுவெதுப்பாக இருக்கும்போதே பழைய ஆயிலை இறக்கினார்கள். வெயிலில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஜிகினா கலந்த மாதிரி மினுமினுத்தது. புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, நிறுத்திப் பொறுத்திருந்து, ஆயில் அளவு காட்டும் குச்சியை எடுத்துப் பார்த்து, மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி செய்தோம். வளைவில் வேகமாகத் திருப்பும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், அதனால் குறைவாக இருக்கக் கூடாது. கோட்டைத் தாண்டியும் போகக் கூடாது. இரண்டாவது கேனில் பாதிக்கு மேல் மிச்சம். மூடி போட்டு டிக்கியில் வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மாமா சிவப்பு வண்டியில் வந்து இறங்கினார். நான் ஆயில் மாற்றுகிறேன் என்று அக்கா வாயிலிருந்து தெரிந்திருக்கும். நான் செய்வதை அவர் செய்யாமல் இருந்துவிட முடியுமா?

"என் வண்டிக்கும் மாத்துப்பா. அவளுக்கு எத ஊத்தினியோ அதவிட ஒசத்தியா ஊத்து."

ஆயில் மாற்றும் இடத்தில் நம்மூர்க்காரர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது தெரிந்ததுதான். மெக்கானிக் திருடன் என்று முடிவு செய்துகொண்டுதான் வண்டியை உள்ளேயே விடுவார்கள். காலி கேனை ஸ்க்ரூடிரைவரால் குத்தி ஓட்டை போட்டால்தான் நகர்வார்கள். இல்லாவிட்டால் அதே கேனில் கலப்பட ஆயிலை அடைத்து விற்றுவிடுவான். அதில் நியாயம் உண்டு. ஆனால் கேனில் மிச்சம் இருந்தால் அதையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதும் கௌரவக் குறைச்சல். அதனால் மிச்சத்தையும் இஞ்சினுக்குள்ளேயே ஊற்றச் சொல்வார்கள். மாமா மெக்கானிக் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றுகொண்டார்.

"மேல் கோட்டுக்கு வந்திடுச்சு சார், சாக்கு" என்றான் மெக்கானிக், கன்னடத்தில் போதும் என்று.

"என்ன சாக்கு? கேன்ல அவ்ளோ இருக்குதில்ல? நான் அந்தப் பக்கம் போனதும் நீ யார் வண்டிக்கு ஊத்துவன்னு எனக்குத் தெரியாதா? பூரா ஊத்து."

"ஜாஸ்தி ஆயிடும் சார்."

"ஆவட்டுமே. எண்ணெ தேச்சிக் குளிக்கறப்ப அளவு பாத்தா தேய்ப்ப? இஞ்சினுக்கு நல்லதுதான். ஊத்து."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு ஊற்றினான். அவனுக்கென்ன, வண்டியா அவனுடையது? கேன் காலியானதும் மாமா டேஷ்போர்டிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். துபாயிலிருந்து நண்பர் கொண்டுவந்தது, இஞ்சினுக்கு டானிக் மாதிரி என்று சொல்லி அதையும் தன் கையாலேயே ஊற்றினார்.

நான் சொன்னேன். அதை இங்கே எழுதியே ஆக வேண்டும். "மாமா, கோட்டத் தாண்டக் கூடாது. வேகமா ஓட்டறப்ப உள்ள நொரைச்சிடும். மேல வந்து எரியும். கொஞ்சம் எறக்கிடுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு ஒர்க்‌ஷாப்பில் இருந்த எல்லாரையும் பார்த்தார். கூட்டம் கிடைத்தால் விடுவாரா?

"கேட்டீங்களா? ஆயில் பாடம் எடுக்கறா! ஏம்மா, இஞ்சின உருக்கினவ நீ. நீ எனக்கு ஆயிலப் பத்திச் சொல்றியா?" அங்கேயே, தெரியாதவர்கள் முன்னால், அந்தக் கதையை ஆரம்பித்தார். டிரினிடி சர்க்கிள், கயிறு, ஸ்பீட் பிரேக்கர், எல்லாம் வந்தது. தன் பைக்குக்காகக் காத்திருந்த ஒருவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

சரி, என்றேன் மனதுக்குள். ஒரு தடவை சொல்லியாயிற்று. எனக்காக அவர் ஒரு தடவைகூட உண்மையைச் சொன்னதில்லை. கணக்குப் பார்த்தால் நான்தான் தாராளம். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. மெக்கானிக் காலி கேனைக் குத்தி ஓட்டை போட்டுக் காட்ட, மாமா திருப்தியாகத் தலையாட்டினார். அன்று மத்தியானம் வெகு நாளைக்குப் பிறகு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓடுதளத்தில் நல்ல வெயில். அக்காவும் வந்திருந்தாள். மெக்கானிக்கை மிரட்டிப் பூராவும் ஊற்றவைத்த பெருமையை மாமா வீட்டில் அவளிடம் சொல்லியிருந்தார். பையில் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து இரண்டு வண்டிக்கும் டயருக்கு ஒன்றாக வைத்தாள். ஹெல்மெட் போட்ட பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். "இங்கயே நசுக்கிக்கலாங்க்கா, டிராக்ல சாறு வேணாம்" என்றான் ஒருவன். நசுக்கிவிட்டுத்தான் வரிசையில் நின்றோம்.

முதலில் நான் போனேன். பயமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ரோட்டில் எத்தனை வருஷம் ஓட்டினாலும், எதிரே மாடு வராது ஆட்டோ வராது என்று தெரிந்து ஓட்டுவது வேறு. முதல் சுற்றில் இரண்டு கூம்புகளைச் சாய்த்தேன். அடுத்த சுற்றில் கை பழகிவிட்டது. வளைவுக்கு முன்னால் பிரேக், திருப்பம், மறுபடி முழு அழுத்து. டயர் கத்தியது. ஆயில் சூடு காட்டும் முள் ஏறி, ஓர் இடத்தில் நின்று, அசையாமல் இருந்தது. இஞ்சின் நடுங்கவில்லை. இறங்கியபோது என் நேரம்தான் அதுவரை முதல். பையன்கள் கைதட்டினார்கள். நான் மாமாவை மட்டும்தான் பார்த்தேன். அவர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் போனார். இதைச் சொல்ல எனக்கு இன்றும் பிடிக்கவில்லை: அவர் நன்றாகவே ஓட்டினார். முதல் சுற்றில் ஒரு கூம்பும் சாயவில்லை, என்னைவிட வேகம். இத்தனை வருஷத்து வன்மமும் ஒரே சுற்றில் காற்றில் போய்விடும் போலிருந்தது. ஆயிலாவது ஒன்றாவது, இந்த ஆளுக்கு எல்லாமே நல்லபடியாகத்தான் நடக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது சுற்றில், நீண்ட இடது வளைவில், சிவப்பு வண்டியின் பின்னால் லேசாக நீலப் புகை தெரிந்தது. வளைவு முடிவதற்குள் லேசு போய்விட்டது. கொசு மருந்து வண்டி போகிற மாதிரி ஓடுதளமே புகை மூடிக்கொண்டது.

கொடி காட்டினார்கள். அவர் நிறுத்தவில்லை. மறுபடி காட்டினார்கள். கடைசியில் இஞ்சின் இருமி, திணறி, அதுவாகவே நின்றது. தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். இஞ்சின் மேல் மூடியைத் திறந்தால் உள்ளே எல்லாம் ஆயில். ஏற்பாட்டாளர்களில் ஒருவன் குச்சியை உருவிப் பார்த்தான். கோட்டையெல்லாம் தாண்டி எங்கேயோ இருந்தது, நுரைத்த காபி மாதிரி. "யார் சார் இவ்ளோ ஊத்தினது? உருளைக்கிழங்கு பொரிக்கவா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சத்தமாகவே சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் வெகுகாலமாகச் சேமித்து வைத்திருந்தேன்.

மாமாவின் முகம் வண்டி நிறத்துக்கு வந்திருந்தது. "அந்த அல்சூர் மெக்கானிக்தான். நான் போதும் போதும்னு சொல்றேன், கேக்காம ஊத்திட்டான். அவன் கடையவே மூட வெக்கறேன் பாருங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. அவள் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அன்னிக்கு கல்லுல நீங்க ஏத்திட்டு இவ மேல போட்டீங்க. இன்னிக்கு நீங்க ஊத்தச் சொல்லிட்டு அவன் மேல போடறீங்களா?"

பாதிப் பேருக்கு அவள் எதைச் சொல்கிறாள் என்று தெரியாது. மாமாவுக்குத் தெரியும். அவர் முகம் தொங்க, கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார். பெண் பார்க்கும் கூடத்தில், கிரகப்பிரவேச வாசலில், காதுகுத்துப் பந்தலில் நான் மனதுக்குள் எத்தனையோ முறை வரைந்து வைத்திருந்த முகம் அது. வரைந்ததைவிட நன்றாகவே இருந்தது. அந்தச் சுகத்தை நான் மறைக்கப் போவதில்லை. உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஒரு நிமிஷம் இருக்கும்.

அதற்கப்புறம்தான் அக்கா சொன்னது முழுதாக மண்டையில் இறங்கியது. கல்லில் ஏற்றியது. அவளுக்குத் தெரியும்.

சிவப்பு வண்டியை லாரியில் ஏற்றினார்கள். மாமா டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார், எங்களைப் பார்க்கவில்லை. அக்கா என் வண்டியில் வந்தாள். மேம்பாலம் கட்டுகிறோம் என்று ஓசூர் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த காலம். நகர்வதும் நிற்பதுமாகத்தான் போனோம். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டிய பிறகு நான்தான் கேட்டேன்.

"நீ பாத்தியா?"

"பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். நந்தியில எறங்கறப்ப ஓரத்துல ஒரு கல்லு. டமார்னு ஒரு சத்தம். கொஞ்ச தூரம் வந்ததும் செவப்பா ஒரு லைட்டு எரிஞ்சுது. என்னங்க அதுன்னு கேட்டேன். அது அப்டித்தான் எரியும்னாரு. வீட்டுக்கிட்ட வர்ற வரைக்கும் எரிஞ்சுட்டே இருந்துது."

"ஏன்க்கா சொல்லல?"

"புதுசா கல்யாணமானவ. என்னத்தச் சொல்றது? அப்புறம் நாளாயிடுச்சு. நாளானப்புறம் எப்டி ஆரம்பிக்கறதுன்னே தெரியல." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்பா கிட்ட சொன்னேன்."

நான் பிரேக்கை அழுத்தினேன். பின்னால் வந்த டெம்போக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே போனான்.

"எப்போ?"

"நீ வண்டியக் கட்டி இழுத்துட்டு வந்த அன்னிக்கே. சாயந்தரம் போன் பண்ணிச் சொன்னேன். சரி, நான் பாத்துக்கறேன், நீ யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாரு."

சாவியை அப்பா கேட்டது மறுநாள் காலையில். மாமா காபி குடித்துக்கொண்டிருந்தபோது. தெரிந்துதான் கேட்டார். தெரிந்துதான் கை நீட்டினார். தெரிந்துதான் ஒவ்வொரு வீட்டு விசேஷத்திலும் இரண்டு தடவை சிரித்தார்.

அக்காவை அவள் வீட்டில் இறக்கிவிட்டு நேராக அல்சூரில் இருந்த அப்பா வீட்டுக்குப் போனேன். நாலு மணி வெயில். அப்பா பனியனோடு உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெயிச்சியா?" என்றார்.

"நந்தியில கல்லுல ஏத்தினது மாமான்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?"

அவர் டிவியை நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தார். அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் நின்றேன்.

"மாப்பிளைய எப்டிம்மா கேக்கறது?" என்றார். "அம்மா இல்லாத வீடு. அங்க அவள ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லிட்டா? அவ வாழ்க்கைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"என்னக் கேக்க முடிஞ்சுதில்ல?"

"நீ என் பொண்ணு. திட்டினாலும் இங்கதான் இருப்ப. நீ தாங்கிப்பன்னு தெரியும்."

இதை அவர் பாராட்டு மாதிரிச் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குப் பொய்ப் பட்டம் கட்டி வைத்துவிட்டு, நல்ல பெண் என்று முதுகில் தட்டுகிறார். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆத்திரத்தை மட்டும் வெளியே விட்டேன்.

"சரி. இப்ப கேளுங்க. அக்காவே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா. இனிமே உடையறதுக்கு ஒண்ணும் இல்ல. மாமாவுக்குப் போன் போட்டு, நீங்க ஏத்தின பழிய எம்பொண்ணு இத்தன வருஷம் சொமந்தா, அது தப்புன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து போன் பக்கம் போனார். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். போனில் யார் பார்க்கப் போகிறார்கள்? மாப்பிள்ளையிடம் பேசும்போது அவருக்குப் பனியன் போதாது. எண்களை அழுத்தினார். மணி அடிப்பது எனக்கே கேட்டது. நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

"மாப்பிள, நான்தான். வீட்டுக்கு வந்துட்டீங்களா?" குரல் எப்போதும் போலவே குழைந்தது. "ம்... ம்... ஆமா, சொன்னா. லாரியிலயா? அடடா... ம்... இந்த மெக்கானிக்குங்களே அப்டித்தான், நம்பவே முடியாது... ஆமாமா... நீங்க மனச விட்டுடாதீங்க. வண்டிதானே, சரி பண்ணிக்கலாம். சாப்டீங்களா? வெயில்ல நின்னிருப்பீங்க, மோர் ஏதாவது குடிங்க. வெச்சிடறேன்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பேசிட்டேம்மா" என்றார்.

மாமா மேல் எனக்கு இருந்த பகை அந்த நிமிஷமே போய்விட்டது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவர் வெளி ஆள், தன் தோலைக் காப்பாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரோடு நான் சிரித்துக்கூடப் பேசியிருக்கிறேன். அப்பா வீட்டுக்குத்தான் இரண்டு தீபாவளி நான் போகவில்லை. மூன்றாவது தீபாவளிக்கு அக்கா கெஞ்சிக் கூப்பிட்டதால் போனேன். அப்பா கதவைத் திறந்து, "வாம்மா" என்றார். நான் அவரைக் கடந்து உள்ளே போய் அக்காவோடு பேச ஆரம்பித்தேன்.